அண்ணன் பார்த்த கிளட்ச்சில் பிழை இல்லை

இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி எழுதும்படி முதலில் என்னை யாரும் கேட்கவில்லை. அண்ணியின் தம்பி தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோவையாக எழுதக்கூடியவர். அவரிடம்தான் சொல்லியிருந்தார்கள். நானாகப் போய், நான் எழுதுகிறேன் என்றேன். காலமெல்லாம் லோரி ஓட்டியவனுக்குத் திடீரென்று என்ன எழுத்தாசை என்று வீட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆசை ஒன்றும் இல்லை. அண்ணனைப் பற்றி உங்களில் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நினைக்க வைத்தவன் நான். அதைச் சொல்லாமல் அண்ணனின் முதலாம் ஆண்டுத் திதியில் உங்களோடு இலையில் உட்கார என்னால் முடியாது.

அண்ணன் ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். அண்ணனுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அப்பா நெஞ்சு வலியில் போய்விட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பிறகு தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பாச்சாங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார். அண்ணன் பள்ளியை விட்டுவிட்டு தவுக்கே என்று எல்லாரும் அழைக்கும் ஒரு சீன முதலாளியின் லோரிப் பட்டறையில் சேர்ந்தார். தவுக்கேக்குத் தமிழ் தெரியாது, அண்ணனுக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயும், தவுக்கேயின் திட்டும்தான். அதை வைத்துக்கொண்டே பத்து ஆண்டுகளில் அந்தப் பட்டறையில் கிளட்ச் என்றால் அண்ணன் என்று ஆகிவிட்டது. பிறகு பாச்சாங்கிலேயே தகரக் கூரை போட்ட சொந்தப் பட்டறை வைத்தார், திருமணம் செய்துகொண்டார், தங்கா பத்துவில் வீடு கட்டி அம்மாவை அங்கே குடி வைத்தார். அப்பா செய்ய வேண்டியதையெல்லாம் எனக்கு அண்ணன்தான் செய்தார். என் பள்ளிக் கட்டணம், என் லைசன்ஸ், என் கல்யாணம் எல்லாமே அவர் கைதான்.

அவருடைய தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

பழைய கியர் லோரியில் கிளட்ச் கெடுவது இரண்டு விதம். ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. எஞ்சின் கத்தும், வண்டி மேட்டில் ஏறாது. மற்றது, விட வேண்டிய நேரத்தில் விடாது. பெடலை மிதித்த பிறகும் எஞ்சின் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். கியர் போட்டால் பல்லோடு பல் உரசிக் கர்ரென்று கத்தும். இந்த இரண்டாவது கோளாறைக் கண்டுபிடிப்பதில்தான் அண்ணனுக்குப் பெயர். ஏனென்றால் அதற்குக் காரணம் பிளேட்டாக இருக்கலாம், எண்ணெய்க் குழாயாக இருக்கலாம், பெடலாகவும் இருக்கலாம். அவசரக்காரர்கள் நேராகக் கியர் பாக்ஸை இறக்கிவிடுவார்கள். அண்ணன் இறக்க மாட்டார். முதலில் வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்ப்பார்.

ஒருமுறை தங்கா பத்துவிலிருந்து மணல் லோரிக்காரர் ஒருவர் புதுப் பிளேட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, ரிவர்ஸ் விழவே மாட்டேங்குது. பிளேட் போச்சுன்னு சொல்றாங்க. வாங்கிட்டே வந்துட்டேன் லா."

"வாங்கினத ஓரமா வை. வண்டி என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேப்போம்."

அண்ணன் ஏறி இடது காலால் பெடலை அழுத்திப் பத்து எண்ணினார். ரிவர்ஸ் போட்டார். கர்ரென்றது. கியரை எடுத்துவிட்டு, பெடலை மூன்று முறை வேகமாக மிதித்து மறுபடி போட்டார். சத்தமே இல்லாமல் விழுந்தது.

"பாத்தியா? பிளேட்டுல கோளாறுன்னா எத்தன வாட்டி மிதிச்சாலும் கத்தும். மிதிக்க மிதிக்க சரியாவுதுன்னா எண்ணெய்க் கொழாய்ல காத்து பூந்திருக்கு. பிளேட்ட கடையில திருப்பிக் குடுத்துட்டு வா, அதுக்குள்ள நான் காத்த எடுத்துடறேன்."

இப்படிப் பேசுகிறவர் எப்படிப் பணக்காரர் ஆவார்? ஆகவில்லை. ஆனால் அலோர் காஜாவிலிருந்துகூட லோரிகள் அவரைத் தேடி வந்தன.

வெறுங்காலோடு மிதிப்பது அவருக்குத் தொழில் மட்டும் இல்லை. லோரியில் சாமி படம் இருக்கும் இடத்தில் சிலிப்பரோடு ஏறக் கூடாது என்பது நம்மவர்கள் பலரும் கடைப்பிடிக்கும் வழக்கம். அண்ணன் அதில் மகா கண்டிப்பு. நாங்கள் செம்பனைக் குலை ஏற்றுவதற்கென்று ஒரு பழைய லோரி வாங்கினோம். அதன் முன்கண்ணாடிக்குக் கீழே முனீஸ்வரர் படத்தை வைத்த அன்றே, கழற்றிய சிலிப்பரைப் போட சீட்டுக்குப் பின்னால் பலகையில் ஒரு பெட்டியும் அடித்து வைத்தார். அந்த லோரியை ஓட்டியது நான். பராமரிப்பு முழுவதும் அண்ணன்.

அந்த லோரிக்கு அண்ணன் தம் கையால் புதுக் கிளட்ச் பிளேட் மாட்டினார். மாட்டிய பிறகு போகும் முதல் லோடு. பிளேட் எப்படிப் பேசுகிறது என்று கேட்க வேண்டும் என்று அண்ணனும் அன்று என்னோடு வந்தார். காலையிலிருந்தே மழை. தோட்டத்தில் குலைகளை ஏற்றி, தார்ப்பாய் கட்டிவிட்டு, நனைந்தபடி ஓடி வந்து ஏறினேன். செம்பனை ஆலைக்கு வந்து சேரும் வரை ஒரு குறையும் இல்லை. அண்ணன்கூட, "நல்லா விடுதுடா, பூ மாதிரி விடுது" என்று சந்தோஷப்பட்டார்.

ஆலையில் குலை கொட்டும் மேடைக்கு லோரியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். அண்ணன் இறங்கிப் பின்னால் நின்று, பின்னுக்கு வரச் சொல்லி, "கோஸ்தான்... கோஸ்தான்... போதும், நில்லு" என்று குரல் கொடுத்தார். கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்து நிறுத்தினேன். பின் கதவின் கம்பியை உருவ அண்ணன் லோரிக்கும் மேடையின் சிமெண்டுக் கட்டைக்கும் நடுவே வந்தார். இன்னும் ஒரு அடி பின்னால் வரச் சொல்வார் என்று நினைத்து, நான் ரிவர்ஸ் கியரை எடுக்கவில்லை. கிளட்ச்சை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தேன். தரை சமமாக இருந்ததால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அந்த நேரம் கணக்கு எழுதும் ஆலைக் கிராணி ஜன்னல் பக்கம் வந்து லோடுச் சீட்டுக் கேட்டார். திரும்பி எடுத்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் அண்ணன் அலறினார்.

என் கால் கிளட்ச்சில்தான் இருந்தது. அழுத்தியது அழுத்தியபடியே இருந்தது. ஆனாலும் லோரி பின்னால் ஊர்ந்திருந்தது. ஒரு சாண் தூரம்தான் இருக்கும். அண்ணனின் இடது கால், முழங்காலுக்குக் கீழே, லோரியின் பின் இரும்புக்கும் சிமெண்டுக் கட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பிரேக்கை மிதித்து, ரிவர்ஸை எடுத்து, முன்னால் போக முதல் கியரைப் போட்டேன். விழவில்லை. கர்ரென்று கத்தியது. மறுபடி போட்டேன், மறுபடியும் கத்தியது. அங்கே நின்ற அத்தனை பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். கடைசியில் நியூட்ரலில் விடச் சொல்லி, ஆட்கள் கூடி லோரியை முன்னால் தள்ளித்தான் அண்ணனை எடுத்தோம். அந்தச் சில நிமிடங்களை இந்த வயதிலும் என்னால் நினைக்க முடியவில்லை. இதற்கு மேல் எழுதவும் முடியவில்லை.

அண்ணனின் காலை மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். உள்ளே கம்பி வைத்தார்கள். ஆனால் பாதம் மடங்காது, முழங்கால் பாதிதான் மடங்கும் என்று சொல்லிவிட்டார்கள். இடது கால் கிளட்ச்சை மிதிக்கிற கால். இனி எந்த வண்டியின் கிளட்ச்சையும் அவர் மிதித்துப் பார்க்க முடியாது என்பதை வார்டில் எல்லாரும் அறிந்திருந்தோம். 

நான் எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொன்னேன். நான் கிளட்ச்சை மிதித்துத்தான் வைத்திருந்தேன், லோரி தானாக நகர்ந்தது என்றேன். எனக்குத் தெரிந்த மட்டும் அது உண்மை. ஆனால் அதைக் கேட்டவர்கள் அடுத்து என்ன நினைப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமுமாக வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள், வாசலில் செருப்பு மாட்டும்போதே பேசிக்கொண்டார்கள்.

"ஊரு கிளட்ச் எல்லாம் பாப்பாரு, சொந்த வண்டியில கோட்ட விட்டுட்டாரே."

"அவரு மாட்டின பிளேட்டுதானாம். ஒரு வாரம்கூட ஆகலயாம் லா."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அண்ணனுக்கு அது கேட்கும். அவர் கோபப்படவில்லை. "இருக்கலாம், பாக்கணும்" என்று மட்டும் சொல்வார். விபத்துக்குப் பிறகு லோரியை ஓரம் கட்டிய ஆலை டிரைவர் மட்டும், "எனக்கு நல்லாத்தானே கியர் விழுந்துச்சு" என்றார். அவர் பேச்சை ஒருவரும் காதில் வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த லோரியைப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மாவும் அண்ணியும் சமையலில் இருந்தார்கள். அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இடது காலுக்கு ஒரு சாய டின்னை முட்டுக் கொடுத்தேன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன்.

"ஏறி ஸ்டார்ட் பண்ணு. பெடல அமுக்கிப் பத்து எண்ணு. ரிவர்ஸ் போடு."

போட்டேன். சத்தம் இல்லை.

"மூணு வாட்டி மிதிச்சிட்டுப் போடு."

அப்போதும் சத்தம் இல்லை.

"கியர்லயே வெச்சி அமுக்கிக்கிட்டே இரு. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதே."

எண்ணெய் உள்ளே கசிந்தால், பிடித்திருக்கப் பிடித்திருக்கப் பெடல் இறங்கி வண்டி நகரத் தொடங்கும். என் தொடை நடுங்கும் வரை பிடித்திருந்தேன். லோரி அசையவில்லை. அடுத்து, கியர் பாக்ஸ் ஓரத்தில் பெடலை மிதிக்கும்போது தள்ளிக்கொண்டு வரும் சின்னக் கம்பியின் பக்கத்தில், தம் மகளின் பள்ளி அளவுகோலைக் கட்டச் சொன்னார். அவரால் குனிய முடியாது. அண்ணியின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, அதில் அளவைப் பார்த்தார். கம்பி வர வேண்டிய தூரம் முழுதாக வந்தது.

அண்ணன் கண்ணாடியைக் கம்பால் நகர்த்தி அளவை மறுபடி பார்த்தார். பிறகு என்னைக் கீழே இறங்கச் சொன்னார்.

"அன்னிக்கி என்னென்ன செஞ்சியோ அத அப்படியே செய். ஏறுறதுலேருந்து."

கதவைத் திறந்தேன். படியில் கால் வைத்தேன். இரண்டு காலையும் உதறி, சிலிப்பரைக் கீழே பெடல் பக்கமே விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"பெட்டியில போடலயா?"

"மழையில மட்டும் கீழ போடுவேன் அண்ணே. ஈரச் சிலிப்பர பெட்டியில போட்டா உள்ள இருக்கிற பேப்பர் எல்லாம் நனஞ்சிடும்."

"அன்னிக்கி மழை."

"ஆமா."

"அன்னிக்கிப் போட்டிருந்த சிலிப்பர் எங்க?"

ஆலை டிரைவர் ஓரம் கட்டும்போது எடுத்துச் சீட்டுக்குப் பின்னால் எறிந்திருந்தார். தேடி எடுத்தேன். தடித்த ரப்பர் சிலிப்பர். இடது சிலிப்பரின் குதிகால் பக்கத்தில், பெடலின் அடிப்பக்க இரும்பு விளிம்பு அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தது.

அதைப் பெடலுக்கு அடியில் தள்ளி மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். பெடல் முழுக்க இறங்கியது போலத்தான் காலுக்குத் தெரிந்தது. ரிவர்ஸ் போட்டேன். கர்ரென்றது. அதே சத்தம். அழுத்திப் போட்டதும், கிளட்ச் மிதித்திருக்கும்போதே லோரி பின்சக்கரக் கட்டையில் போய் முட்டி நின்று முக்கியது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், கம்பி சுண்டுவிரல் நகம் அளவு குறைவாக வருகிறது என்றார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, பிளேட் நல்லாத்தான் இருக்கு."

அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதமாக ஊர் பேசியதெல்லாம் பொய், தன் கை தவறு செய்யவில்லை என்ற நிம்மதி அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. அடுத்த நொடி அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அழ ஆரம்பித்திருந்தேன். அந்த நிம்மதியை அவர் அங்கேயே விட்டுவிட்டார்.

"அம்மா உள்ள இருக்கு. மொகத்தத் தொடச்சிக்க."

"அண்ணே..."

"பிளேட்டு வெடிச்சிருந்துச்சு. நான் சரியாப் பாக்காம மாட்டிட்டேன். யாரு கேட்டாலும் இதான், சரியா?"

"ஒங்க பேரு என்னாவறது அண்ணே?"

"பேரு கெடக்குது. நாளைக்கு நீ இந்த லோரியில ஏறி ஓட்டணும். அம்மா ஒன் மொகத்தப் பாத்து சோறு போடணும். ஒரு புள்ள கால இன்னொரு புள்ள ஒடச்சான்னு தெரிஞ்சா அது தாங்காதுடா."

சிலிப்பரை அடுப்புக்குப் போகும் விறகோடு அவரே போட்டுவிட்டார். அன்று மதியம் சாப்பாட்டின்போது அம்மாவிடம் அவர் வாயாலேயே பொய்யைச் சொன்னார். அண்ணன் தம் வாழ்நாளில் வண்டியைப் பற்றிச் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அந்தப் பொய் அவரிடம் என்னென்ன பறித்தது என்பதை நீங்கள் பார்த்தீர்கள், காரணம்தான் தெரியாது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு பட்டறைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொந்தக் கிளட்ச்சையே சரியாக மாட்டாதவரிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? இரண்டு ஆண்டில் பாச்சாங் பட்டறையை மூடினார். செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சாமான் அறையில் உட்கார்ந்து திருகும் வாஷரும் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார். அங்கேயும் ஓய்வு பெறும் வரை ஒருவரோடும் மனத்தாங்கல் இல்லை. பழைய ஆட்கள் இரண்டொருவர் மட்டும், வெளியில் சொல்லிக்கொள்ளாமல், அவருக்குப் போன் செய்வார்கள். "கையில இருக்கிற போன கியர் பாக்ஸ் பக்கம் வெச்சிட்டு ரிவர்ஸ் போடு" என்பார். சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்லிவிடுவார். மிதித்துப் பார்க்க முடியாதவர் கேட்டே பழகிக்கொண்டார். நானோ அவர் சொன்னபடியே மறுநாள் அந்த லோரியில் ஏறினேன். அது பழைய இரும்புக்குப் போகும் வரை ஓட்டினேன். விபத்துக்குப் பின்னும் பயப்படாமல் ஓட்டுகிறான் பார் என்று என்னைப் பாராட்டியவர்கள்கூட உண்டு. பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

அம்மா தவறிய பிறகு, இனி மறைக்கக் காரணம் இல்லையே என்று அண்ணனிடம் கேட்டேன். "இப்ப எதுக்குடா, விடு" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன். அவர் விடச் சொன்னது பெருந்தன்மை. நான் விட்டது கோழைத்தனம்.

அண்ணனுக்கு ஒரே மகள். அப்பாவைப் போலவே இயந்திரத்தில் ஆசை. போலிடெக்னிக்கில் அதையே படித்தாள். பதினைந்து வயதில் ஒருநாள், "அப்பா, அந்தப் பிளேட்ட மாட்டறதுக்கு முன்ன நீங்க பாக்கவே இல்லையா?" என்று கேட்டாள். "கவனிக்கலம்மா" என்றார். படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு, அவள் காரில் ஏதோ சத்தம் வந்தபோது அண்ணன் ஒன்று சொன்னார். அவள் வேறு சொன்னாள். பேச்சு வளர்ந்தது. "ஒங்க வேலைய நம்பித்தானப்பா ஒங்க காலே போச்சு" என்று சொல்லிவிட்டாள். வயசுப் பிள்ளை, வாய் தவறிய பேச்சு. அண்ணன் சிரித்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் அதே மேசையில் உட்கார்ந்திருந்தேன். தட்டில் மீன்குழம்பு இருந்தது. தொடர்ந்து சாப்பிட்டேன்.

கடைசி இரண்டு ஆண்டு சர்க்கரை அண்ணனை வாட்டியது. கம்பி வைத்த காலில்தான் புண் வந்தது, ஆறவில்லை. மருத்துவர்கள் எல்லாம் சர்க்கரையால் என்றார்கள். அந்தக் கால் பழுதாகாமல் இருந்திருந்தால் அண்ணன் இன்னும் இருந்திருப்பார் என்பது என் எண்ணம். யார் என்ன சமாதானம் சொன்னாலும் அது மாறாது.

மருத்துவமனையில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நானும் அண்ணனும் மட்டும் இருந்தோம். கஞ்சியை ஊட்டிக்கொண்டே, "அண்ணே, எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்" என்றேன்.

"சொல்லி? கால் மொளைக்கப் போகுதா?" என்று சிரித்தார். கஞ்சி போதும் என்று கையைக் காட்டினார். பிறகு, "ஊருக்கு வேணாம்டா. எம் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடு. அப்பா வேல சுத்தமில்லன்னு அவ நெனைக்கிறா. அதுதான் ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

இருபது ஆண்டுகளில் அவர் தமக்காக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். சரி அண்ணே என்றேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அந்தப் பிள்ளை என்னோடு வார்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். பையில் கட்டிய காப்பி வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள். "சித்தப்பா, நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். நாளைக்குச் சொல்லலாம், அண்ணனுக்கு உடம்பு தேறட்டும், இது நேரமில்லை என்று நான் ஒவ்வொரு சாக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை அண்ணன் போய்விட்டார்.

கருமாதியில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் பல மாதம் சொல்லவில்லை. இந்த மலருக்குப் பேச்சு வந்தபோதுதான் அண்ணியையும் மகளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்க அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பேசிய பேச்சையெல்லாம் கேட்டவர் அவர். பிறகு போன் செய்து, "நீங்கதான் எழுதணும் தம்பி. எழுதி எங்கிட்ட கொண்டாங்க. ஒரு வரி மறைச்சிருந்தாலும் அச்சுக்குப் போகாது" என்றார். மேலே உள்ளது முழுதும் அண்ணி படித்து ஒப்புக்கொண்டதுதான்.

மகள் அன்று என்னைத் திட்டவில்லை. சத்தம் போடவும் இல்லை. பெடலுக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி, சிலிப்பர் எவ்வளவு தடிமன் என்று தொழில் தெரிந்தவளாக இரண்டு கேள்வி கேட்டாள். தலையை ஆட்டினாள். பிறகுதான் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழம அப்பா சொல்லி, வெள்ளிக்கிழம வரைக்கும் நான் ஒங்க பக்கத்துலதானே சித்தப்பா இருந்தேன்? அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அவருகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டிருப்பேனே."

 

அண்ணன் நோயில் கிடந்தபோது கைத்தாங்கலாக இருந்த தாதியர், இரத்தம் கொடுத்த தொழிற்சாலைத் தோழர்கள், வேலையை விட்டுவிட்டு வந்து முறை வைத்துக் காவலிருந்த தங்கா பத்து அண்டை வீட்டார், இறுதிப் பயணத்துக்குப் பந்தல் போட்டது முதல் பாத்திரம் கழுவியது வரை செய்த பாச்சாங் நண்பர்கள், பிழை திருத்திக் கொடுத்த அண்ணியின் தம்பி ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு கைகூப்புகிறது. தொலைவிலிருந்து வந்து துக்கத்தில் பங்குகொண்ட உறவினர்கள், எங்கள் கவனக்குறைவால் யாருக்கேனும் மரியாதை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு வேண்டாம் என்று அண்ணன் சொன்னதை மீறித்தான் இதை எழுதியிருக்கிறேன். அவர் பேச்சை நான் ஊரறிய மீறுவது இதுவே முதல் முறை. அவருடைய வேலையில் ஒரு குறையும் இல்லை. குறை என் காலடியில் இருந்தது. என்னை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். பூசை முடிந்து பந்தியில் அண்ணன் மகள் பரிமாறுவாள். அந்தக் காலத்தில் எங்கள் பட்டறையிலிருந்து லோரியை எடுத்துக்கொண்டு போனவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அவள் உங்கள் இலைக்கு வரும்போது, உங்க அப்பா வேலை சுத்தம் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் உயிரோடு இருந்தபோது நீங்கள் அவரிடமே சொல்லியிருப்பீர்கள். நான்தான் சொல்ல விடவில்லை.